கடன் வாங்காத குற்றம்

கடன் வாங்காமல் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும், அப்புறம் சேர்த்த காசில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று ஒரு பையனும் ஒரு பெண்ணும் முடிவெடுத்தால், அவர்களைப் பிடித்து உள்ளே வைக்க இந்த நாட்டில் இன்னும் சட்டம் வரவில்லை. பாக்கி அது ஒன்றுதான். மற்ற ஏற்பாடுகளெல்லாம் பக்காவாக இருக்கின்றன. விசாரிக்கப் பெரியப்பாவும் அத்தையும் இருக்கிறார்கள். அபராதம் வசூலிக்க மண்டபக்காரரும் நகைக்கடைக்காரரும் இருக்கிறார்கள். தண்டனையை இருபது வருடத் தவணையில் நிறைவேற்ற வங்கி இருக்கிறது. ஜாமீன் மட்டும் கிடையாது.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் சிபில் கணக்கைப் பார்க்கட்டும். 300இல் தொடங்கி 900 வரை மதிப்பெண். ஒழுங்காகத் தவணை கட்டியவருக்கு 750, 800 என்று கிடைக்கும். தவணை தவறிப்போய் வங்கிக்காரருக்குப் பயந்து போனை அணைத்து வைத்திருப்பவருக்குக்கூட ஐந்நூறு, அறுநூறு என்று ஏதாவது தேறும். பிறந்ததிலிருந்து யாரிடமும் ஒரு ரூபாய் கைநீட்டாதவருக்கு என்ன வரும் தெரியுமா? -1. பரீட்சைக்கே வராத பையனுக்குக்கூட வாத்தியார் முட்டைதான் போடுவார். அதற்கும் கீழே இறங்க அவருக்கு மனசு வராது. 'அது மதிப்பெண் இல்லை, கடன் வரலாறு இல்லை என்பதைக் காட்டும் குறி' என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறியை வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் கேட்டுப் போங்கள். முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2025இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே கவுன்டரில் நடப்பது என்னவென்று தெரிகிறது.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நல்லவர்தான். யோசனையும் சொல்வார். "ஒரு கிரெடிட் கார்டு எடுங்க சார். ஆறு மாசம் தேய்ங்க. ஸ்கோர் தன்னால வந்துடும்." கடன் வாங்கத் தகுதி வேண்டுமென்றால் முதலில் கடன் வாங்கு. இதைத்தான் நிதி ஒழுக்கம் என்று கருத்தரங்கு போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒரு கணக்குக்காக ஒரு ஜோடியை வைத்துக்கொள்வோம். பையனுக்கு 29 வயது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், சம்பளம் 45,000. பெண் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள், 38,000. இரண்டு வீட்டிலும் வயதான பெற்றோர், மாத்திரைச் செலவு. அதையும் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து மாதம் 30,000 மிச்சம் பிடிக்கிறார்கள். மதியச் சாப்பாடு டப்பாவில். போன் நாலு வருடம் பழசு. காதலா, ஜாதகம் பார்த்ததா என்பது கணக்குக்கு வேண்டாத விஷயம். இருந்தாலும் உங்களில் பாதிப் பேர் அதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும்.

முதல் விசாரணை பெண் வீட்டில். "பையனுக்குச் சொந்த வீடு இருக்கா?" கேட்கிற மாமாவுக்கு வீடு வந்தது ஐம்பது வயதுக்கு மேல், பி.எஃப். பணமும் அவர் அப்பா விட்டுப்போன அரை கிரவுண்டும் ஒன்றாகக் கைக்கு வந்தபோது. அது அவருக்கு மறந்துவிட்டது. வாடகை வீடு என்று சொன்னால் "ஓ" என்று ஒரு இழுவை. அந்த இழுவையிலேயே காபி ஆறிவிடும். சரி, கடன் போட்டு வாங்கியாகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "லோன் எவ்ளோ பாக்கி? சம்பளம் பூரா ஈ.எம்.ஐ.க்கே போயிட்டா எம் பொண்ணுக்கு என்னத்த மிஞ்சும்?" ஆக, வீடு வேண்டும், கடன் கூடாது. புறநகரில் ஒரு சுமாரான ஃபிளாட் 60 லட்சம் என்று வையுங்கள். 45,000 சம்பளக்காரர் சாப்பிடாமல், பஸ் ஏறாமல், சட்டை வாங்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தால் பதினோரு வருடம் ஆகும். அதாவது பையன் பதினெட்டு வயதிலேயே இந்தச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்து, அன்றிலிருந்து பட்டினி கிடந்திருக்க வேண்டும். அப்படி ஒரு பையன் கிடைத்தால் அவனுக்கும் ஒரு குறை சொல்வார்கள்: ரொம்ப ஒல்லியாக இருக்கிறான்.

பையன் வீட்டார் இளைத்தவர்களா என்ன? அவர்கள் பண்பாடு மிக்கவர்கள். கேட்கவே மாட்டார்கள். "நாங்க எதுவும் கேக்கல சம்மந்தி. உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்களோ செய்யுங்க. மூத்தவளுக்கு அவங்க வீட்டுல நாப்பது பவுன் போட்டாங்க. சும்மா தகவலுக்குச் சொல்றேன்." 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்கினாலும் கொடுத்தாலும் குறைந்தது 5 ஆண்டு சிறை. கேட்டாலும் சிறை உண்டு. தகவல் சொல்வதற்கு மட்டும் தண்டனை எழுத மறந்துவிட்டார்கள். அந்த ஒரு ஓட்டை வழியாக அறுபது வருடத்துக்கு மேலாக நாப்பது பவுன், பீரோ, கட்டில், கிரைண்டர், பைக் எல்லாம் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இப்போது கார் போகிற அளவுக்கு ஓட்டை பெரிதாகிவிட்டது.

இந்த நகை விஷயத்தில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. 'தங்கம் செலவில்லை, சேமிப்பு.' சேமிப்பென்றால் காசாகவோ பிஸ்கட்டாகவோ வாங்கி உள்ளே வைக்கலாமே? வைக்க மாட்டோம். ஆரமாக, ஒட்டியாணமாக, மேடையில் ஆயிரம் பேர் எடை போட்டுப் பார்க்கும்படி வேண்டும். பவுன் 90,000 என்று வைத்து 10 பவுன் வாங்கினால் 9 லட்சம். சேதாரம், செய்கூலி 12 சதவீதம் என்றால் 1,08,000. மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 30,000க்கு மேல். கடைப் படியை விட்டு இறங்குவதற்குள் ஏறக்குறைய 1,38,000 ரூபாய் காற்றில் போய்விட்டது. அந்தப் பணத்தில் அந்த ஜோடியின் நாலரை மாதச் சேமிப்பு இருக்கிறது. சேதாரம் என்று சொல்கிறார்களே, யாருடைய சேதாரம் அது?

காசைச் சேர்த்துத் தங்கம் வாங்கலாம் என்று நினைத்தவர்களுக்கு 2025 நல்ல பாடம் நடத்தியது. ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் பவுன் 57,000 சொச்சம். அக்டோபரில் 90,000ஐத் தாண்டியது. தன் பங்காக மாதம் 15,000 சேர்க்கும் அந்தப் பெண்ணுக்கு ஜனவரியில் நாலு மாதச் சேமிப்பு ஒரு பவுன். அக்டோபரில் ஆறு மாதச் சேமிப்பு ஒரு பவுன். அவள் ஓட ஓட எல்லைக்கோட்டைத் தூக்கிக்கொண்டு யாரோ முன்னால் ஓடுகிறார்கள். இதைப் பார்த்து "பவுன் இந்த விலை விக்குது, இருபதோட நிறுத்திக்கலாம்" என்று ஒரு சம்பந்தியாவது சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? "விலை ஏறுதுல்ல, அதனாலதான் இப்பவே போட்டுடுங்கன்றேன்" என்று சொல்வதுதான் நம் ஊர்ப் பொருளாதாரம்.

இனி மண்டபம்.

மண்டப வாடகை என்பது உள்ளே நுழைவதற்கு. உள்ளே நுழைந்த பிறகு கரன்ட் யூனிட் கணக்குத் தனி. ஜெனரேட்டர் டீசல் தனி. கேஸ் தனி, துப்புரவு தனி, குப்பை வண்டி தனி. அலங்காரம் அவர்களுடைய ஆள்தான். வெளி ஆள் வந்தால் அதற்கு ஒரு கட்டணம். சாப்பாடு இலைக்கு இவ்வளவு என்று பேசி, முந்நூறு இலை கூடுதலாகச் சொல்லி வைப்போம், குறைந்தால் மானம் போய்விடும் என்று. மானத்துக்காகச் சொன்ன இலைகள் சாயங்காலம் பின்பக்கம் குவிந்து கிடக்கும். லைவ் தோசை, பஞ்சு மிட்டாய், பீடா கடை. வாசலில் கேரளத்துச் செண்டை மேளம். உள்ளே நம் ஊர் நாதஸ்வரக்காரர் யாரும் கேட்காமல் தனியாக வாசித்துக்கொண்டிருப்பார், அவர் சம்பளத்தில்தான் பேரம் பேசுவோம். நலங்கு என்று வீட்டுக் கூடத்தில் பாட்டிமார்கள் மஞ்சள் பூசிச் சிரித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, 'ஹல்தி' என்று மஞ்சள் பந்தல், மஞ்சள் சோபா, மஞ்சள் உடை வாடகைக்கு எடுத்துச் செய்கிறோம். தலைக்கு மேலே ட்ரோன். மாமல்லபுரத்துக் கடற்கரையில் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு சினிமாப் படப்பிடிப்பு. அதில் ஓடுகிற குதிரைக்கும் வாடகை.

மேடையில் வரிசையாக வந்து கைகொடுக்கிறவர்களில் பாதிப் பேரைப் பையனுக்குத் தெரியாது. மீதிப் பாதியைப் பெண்ணுக்குத் தெரியாது. இவர்கள் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையின் சம்பந்திகள், போன வருடம் நமக்குப் பத்திரிகை வைத்த ஒரே குற்றத்துக்காக நாம் பழிவாங்குகிறவர்கள். மூன்று மணி நேரம் நின்று, கன்னம் வலிக்கச் சிரித்து, அவர்களுக்காக நாற்பது மாதச் சேமிப்பைச் செலவு செய்கிறது அந்த ஜோடி. நாற்பது மாதம் என்று சும்மா சொல்லவில்லை. நகை தவிர்த்து மண்டபம், சாப்பாடு, புடவை, படம் எல்லாம் சேர்த்து 12 லட்சம் என்று குறைவாகவே போடுகிறேன். மாதம் 30,000 வீதம் நாற்பது மாதம். முதல் நாள் மாலை ரிசப்ஷனில் ஆரம்பிக்கும். மறுநாள் மதியப் பந்தியோடு மூன்று வருடமும் நாலு மாதமும் முடிந்துவிடும்.

இந்த வியாதி மேலிருந்து கீழே இறங்கியது. 1995 செப்டம்பரில் முதலமைச்சர் ஒருவர் தம் வளர்ப்பு மகனுக்குச் சென்னையில் நடத்திய கல்யாணத்துக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்ததாகக் கின்னஸ் புத்தகம் பதிந்தது. பிற்பாடு சொத்துக் குவிப்பு வழக்கில் அந்தக் கல்யாணச் செலவும் ஒரு கணக்காக வந்தது. வழக்கு வந்ததை ஊர் மறந்துவிட்டது. தோரண வாயிலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவே கட்டிய பேனர் சரிந்து விழுந்தது. வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண் நிலைதடுமாறித் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தாள். பேனரில் இருந்தவர்களுக்கு அவளைத் தெரியாது. நம் ஆடம்பரத்துக்கு யார் யாரோ பணம் கட்டுகிறார்கள் என்று நான் சொன்னால், அது பேச்சுக்குச் சொல்வதில்லை.

"கல்யாணம் வாழ்க்கையில ஒரு தடவைதானே வருது" என்பார் பெரியப்பா. வாஸ்தவம் பெரியப்பா. தவணை அறுபது தடவை வருகிறது. சேமிப்பு போதாதவருக்குக் கல்யாணக் கடன் என்று தனிப்பெயர் வைத்தே கொடுக்கிறார்கள். 'இப்போது கல்யாணம், பிறகு பணம்' என்று ஒரு நிறுவனம் 2022வாக்கில் திட்டமே போட்டது. சொல்லுகிற விதத்தில் பிரிஜ் விற்கிறார்களா, பெண் கொடுக்கிறார்களா என்று தெரியாது. 10 லட்சம், 14 சதவீத வட்டி, ஐந்து வருடம். மாதம் 23,268 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய நாலு லட்சம். முதல் குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் சமயத்தில் அப்பா அம்மா கல்யாணத்தின் கடைசித் தவணை போகும். பள்ளிக்கூடத்தில் கட்டணம் கேட்பார்கள். அதற்கும் கடன் உண்டு, கவலை வேண்டாம்.

மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் யோக்கியமானது அது ஒன்றுதான். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைத்து லட்சக் கணக்கில் புரட்டுகிறார்கள். வட்டி கிடையாது, சிபில் கிடையாது, ஜாமீன் கையெழுத்து கிடையாது. ஒரு நோட்டு, அதில் பெயர், தொகை. அதிலும் கட்டாயம், சண்டை, மனக்கசப்பு எல்லாம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணிப் பெண்டாட்டியைத் திட்டுகிற ஆளை மொய் நோட்டு அனுப்புவதில்லை.

கல்யாணம் முடிந்தது. இன்னும் தலை தீபாவளி, தலைப் பொங்கல், ஆடிச் சீர், வளைகாப்பு என்று பெண் வீட்டார் மாதச் சந்தா கட்டிக்கொண்டிருக்கட்டும். நாம் ஜோடியோடு வாடகை வீட்டுக்குப் போவோம். வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. 'இருந்தால் தவிர' என்று எழுதியவர் கண்டிப்பாக ஒரு வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். 15,000 வாடகை வீட்டுக்கு 1,50,000 ரூபாய் வட்டியில்லாமல் அவரிடம் போய் உட்காருகிறது. காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார். இந்த ஊரில் கடன் வாங்காதவர் எல்லோருக்கும் கடன் கொடுப்பவராக ஆக்கப்படுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியைப் போட்டால் ஒரு சீரியல் நடிகர் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு பொட்டல் வெளியில் நிற்கிறார். பின்னால் நாலு தென்னங்கன்று, ஒரு வளைவு, வண்ணக் கொடிகள். 'சென்னைக்கு மிக அருகில்.' அந்த இடத்துக்கும் சென்னைக்கும் நடுவே இரண்டு சுங்கச்சாவடி இருக்கும். சிரிக்க வேண்டாம், அவர் சொன்னதை அரசாங்கமே உண்மையாக்கிவிட்டது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் ஓர் அரசாணையில் 5,904 சதுர கிலோமீட்டர் ஆனது. ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு துண்டுகூட உள்ளே வந்தாயிற்று. சாக்கடை வரவில்லை, குடிநீர்க் குழாய் வரவில்லை, பேருந்து வரவில்லை. மனை விலை மட்டும் அரசாணை வந்த வேகத்துக்கு ஓடி வந்தது. அதற்கும் உள்ளே வந்தால் 'ஏரி தெரியும் வீடு' விற்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள், ஏரி எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது என்று.

சரி, அந்த 60 லட்ச ஃபிளாட். யாரோ குடியிருந்து விற்கிற பழைய வீடு என்றே வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும். 48 லட்சம் வங்கி, 12 லட்சம் கையிலிருந்து. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆகமொத்தம் 5,40,000. அதற்கப்புறம் பத்திரம் எழுதுகிறவர் குரலைத் தாழ்த்தி 'ஆபீஸ் செலவு' என்று ஒரு தொகை சொல்வார். அதற்கு ரசீது கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் லஞ்ச ஒழிப்புத் துறை சார்பதிவாளர் அலுவலகங்களில் சோதனை போட்டு, மேஜைக்குள்ளிருந்தும் ஜன்னலுக்கு வெளியிலிருந்தும் கணக்கில் வராத பணத்தை எடுத்ததாகச் செய்தி வரும். தை பிறந்தால் மறுபடியும் ஆபீஸ் செலவு.

2017இல் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். பதிலுக்கு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் இறக்கினார்கள். 2023இல் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். பதிலுக்கு வழிகாட்டி மதிப்பைப் பழையபடி ஏற்றினார்கள். இரண்டு ஆட்சி, இரண்டு அறிவிப்பு, இரண்டு தடவையும் 'மக்களின் நலன் கருதி'. இப்போது பெண்களுக்கு ஒரு சலுகை. 2025 ஏப்ரலிலிருந்து, பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கிராமத்தில் மனை வாங்கும் பெண்ணுக்கு இது உதவிதான், மறுக்கவில்லை. கிண்டியில் கணக்கு எழுதும் நம் பெண் 10 லட்சத்துக்குள் இந்த ஊரில் எதை வாங்குவாள்? கார் நிறுத்தும் இடத்தில் பாதியையா?

கையில் வேண்டியது 12 லட்சம் முன்பணம் என்றேன். மேலே இதே தொகை எங்கே வந்தது என்று பார்த்தீர்களா? மண்டபத்தில் பஞ்சு மிட்டாயோடு போன அதே 12 லட்சம். இப்போது அது இல்லை. ஆகவே பெண்ணின் நகை அடகுக்குப் போகிறது. ஆறு வருடம் வேலை பார்த்துச் சேர்த்ததை நகையாக மாற்றி, இரண்டு நாள் போட்டுக்கொண்டு, ஆயிரம் பேருக்குக் காட்டி, கொண்டு போய் அடகுக் கடையில் வைத்து, அதற்கு வட்டி கட்டுகிறாள். அவளுடைய சொந்தப் பணத்தை அவளே கடனாக வாங்குகிறாள். அந்த வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயர் இருக்குமா என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்பார்கள். ஒன்றுதான் என்றால் அவள் பெயரில் எழுதுங்களேன்.

48 லட்சத்துக்கு வட்டி 8.5 சதவீதம், இருபது வருடம் என்று போடுகிறேன். இப்போது கொஞ்சம் குறைவாகவும் கிடைக்கிறது. இருபது வருடம் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2022 மே மாதத்திலிருந்து பத்தே மாதத்துக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி விகிதம் 4இலிருந்து 6.5 ஆனபோது, பல பேருடைய கடன் காலம் அவர்களுக்கே தெரியாமல் நீண்டுவிட்டது. மாதத் தவணை 41,655. முதல் மாதம் அதில் 34,000 வட்டிக்குப் போகும், 7,655 அசலில் கழியும். இருபது வருடத்தில் கட்டுவது ஒரு கோடிக்குச் சுமார் மூவாயிரம் ரூபாய் குறைவு. பையனுடைய சம்பளத்தில் மிச்சம் மாதம் 3,345. அதை வைத்துக்கொண்டு அவன் ஒரகடம் போய்வர வேண்டும். பெண்ணின் சம்பளத்தில் நகைக் கடன், அரிசி, பால், நாலு பெரியவர்களின் மாத்திரை. ஒரு தவணை தவறினால் காசோலை திரும்பியதற்குக் கட்டணம், அபராதம், அலுவலகத்துக்குப் போன், பக்கத்து வீட்டுக்குப் போன்.

பக்கத்து வீட்டுக்குப் போன் போகாத கடன்காரர்களும் இருக்கிறார்கள். 2014-15 முதல் 2023-24 வரை பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் தங்கள் கணக்கிலிருந்து தள்ளிவைத்த வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தகவல் வந்தது. தள்ளிவைப்பது தள்ளுபடி இல்லை, வசூல் தொடர்கிறது என்று அரசாங்கம் சொல்கிறது. நல்லது. நம் சூப்பர்வைசரின் 41,655ஐயும் ஒரு மாதம் அப்படித் தள்ளிவைத்துவிட்டு வசூலைத் தொடரட்டுமே. மாட்டார்கள். பெரிய கடன்காரர் வங்கியின் கவலை. சின்னக் கடன்காரர் வங்கியின் எதிரி. கடனே வாங்காதவர் வங்கிக்கு ஆளே இல்லை.

இப்படி நேர்வழியில் சேர்த்து எட்டவே முடியாத உயரத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டால், ஜனங்கள் குறுக்குவழி தேடுவார்கள். ஒரு லட்சம் கட்டினால் மாதம் முப்பதாயிரம் என்று ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவனத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் 2,438 கோடி ரூபாய் கட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வது சுலபம். மகள் கல்யாணத்துக்கு நாப்பது பவுன் என்று தகவல் வந்த அப்பா, அஞ்சலகத் தொடர் வைப்பின் 6.7 சதவீதத்தை நம்பி எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பார்? ஆசைப்படாமல் பழைய இடமாகப் பார்த்துப் போட்டவர்களாவது தப்பினார்களா? 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் நிதி நிறுவனம் ஒன்று 2024இல் முதிர்ந்த வைப்புத்தொகையைத் திருப்பித் தர முடியாமல் வழக்கில் மாட்டியது. அங்கே வாசலில் வரிசையில் நின்றவர்கள் ஓய்வூதியக்காரர்கள்.

இவ்வளவும் ஏன் என்று கேட்டால், கடைசியில் எல்லோரும் ஒரே ஆளைக் கை காட்டுகிறார்கள். ஊர். 'ஊர் என்ன சொல்லும்?' ஊர் என்ன சொல்கிறது என்று நான் பல பந்திகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "சாம்பார்ல உப்பு கம்மி" என்று சொல்கிறது. "ஏசி சரியா வேலை செய்யல" என்று சொல்கிறது. தாம்பூலப் பையில் தேங்காய் சின்னதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போகிறது. இந்த விமரிசனத்தைக் கேட்பதற்குப் பன்னிரண்டு லட்சம்.

சமையல்காரர், பூக்காரர், நாதஸ்வரக்காரர் பிழைப்பு என்னாவது என்று கேட்பவர்கள், அவர்களிடம் பேரம் பேசியது போக மீதி எங்கே போனது என்று பில்லை எடுத்துப் பார்க்கட்டும்.

வடபழனியிலோ திருநீர்மலையிலோ கோவிலில் தாலி கட்டி, நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு முடிக்கலாம் என்று பையன் சொன்னால், அத்தை கண்ணை உருட்டுவாள். "அப்படி என்ன அவசரம்? ஏதாவது விஷயமா?" பதிவுத் திருமணம் என்றால் "ஓடிப்போனவங்க பண்றது." காசு மிச்சம் பிடிக்க நினைத்த பெண்ணுக்கு முதல் பரிசு அவள் நடத்தையின் மேல் ஒரு சந்தேகம். இதைவிடக் கேவலமான வசூல் முறை வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லும்படி ஆக்கினார். உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால், அல்லது மோதிரம் போட்டால், அல்லது தாலி கட்டினால் போதும். ஊரைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இவ்வளவு சுலபமான சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று சுயமரியாதைத் திருமணங்களும் ஏசி மண்டபத்தில், எல்.ஈ.டி. திரையில், அமைச்சர் தலைமையில், ஐந்து வகைப் பிரியாணியோடு நடக்கின்றன. மிச்சம் பிடித்தது புரோகிதர் தட்சணை ஒன்றைத்தான்.

உங்கள் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறீர்களா? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பும் முன்னால், அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்: "இந்தப் பணத்த மண்டபத்துல போடட்டுமா, உங்க கையில தரட்டுமா?" அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள். பெரியப்பாவைக் கேட்காதீர்கள்.